தெருவுக்கு வராத குரல்

கார்குழலி ஸ்பீக்கர் ஒயரைக் கத்தரிக்கோலால் சடக்கென்று வெட்டியதும் தாயம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயே, நல்லா கீற ஒயர இன்னாத்துக்குடி அறுக்கற? இன்னிக்குன்னு பாத்து எதுனா பேஜாரு பண்ணி வெக்காத."

"அறுத்தாதாம்மா நீட்ட முடியும். இத்தினிகாண்டு ஒயரு. கீய தெரு வரிக்கும் எப்டி போவும்?"

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவர்கள் வீடு மூன்றாம் மாடி. கம்ப்யூட்டர் உள்ளறையில் ஜன்னல் ஓரம் இருந்தது. ஸ்பீக்கர் போக வேண்டிய இடமோ கீழே, தெருவை அடைத்துப் போட்டிருந்த சாமியானாவுக்குள். சாயங்காலம் அங்கேதான் அவள் அப்பா வேலப்பனுக்குப் படத்திறப்பு. மனுஷர் போய்ப் பதினாறாம் நாள். ஹார்பரில் மூட்டை தூக்குகிற வேலப்பன் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கானா வேலப்பன் என்றால் புளியந்தோப்பிலிருந்து காசிமேடு வரை கை காட்டுவார்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பாடை கட்டுகிறவனுக்கு ஆள் அனுப்பும் முன்பு அவருக்குத்தான் அனுப்புவார்கள். தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்து, செத்தவரின் பெயரையும் குணத்தையும் வைத்து அங்கேயே பாட்டைக் கட்டுவார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்குகிற வரை பாட்டு நிற்காது.

அப்படிப்பட்டவர் சாகும் முன்பு ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதுவும் தனக்காக இல்லை. ராசையாவின் பெண்டாட்டி தங்கபுஷ்பத்துக்காக. அந்தப் பாட்டைத்தான் இன்று தெருவில் போட வேண்டும். போட்டே ஆக வேண்டும், ராசையா காதில் விழுந்தே ஆக வேண்டும். பதினாறு நாளாகக் கார்குழலிக்குச் சோறு இறங்காமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அப்பா போனது என்றால், மீதிப் பாதி இதுதான்.

ராசையா யார் என்று சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் ஒன்றும் புரியாது. வேலப்பன் பாடினால் பக்கத்தில் டோலக்கு ராசையா. அவர்கள் இருவரும் அரைஞாண் கயிற்றுக் காலத்துத் தோஸ்துகள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிவிட்டு வருகிறவர்களைத் தலை முழுகாமல் எவரும் வாசற்படி மிதிக்க விடமாட்டார்கள், சொந்தப் பெண்டாட்டியே விடமாட்டாள். தங்கபுஷ்பம் மட்டும் குழாயடியில் வெந்நீர் அண்டாவை வைத்துக்கொண்டு இவர்களுக்காகக் காத்திருப்பாள். குளித்து முடித்தால் சுடுசோறும் நெத்திலிக் குழம்பும். வேலப்பன் சாப்பிட்ட சோற்றில் பாதி அவள் கையால் சாப்பிட்டது என்று தாயம்மாவே சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தங்கபுஷ்பம் செத்தபோது வேலப்பன் பாடவில்லை.

பாட விடவில்லை. கார்குழலிதான் விடவில்லை. அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று, கத்திப் பாடவே கூடாது என்று எச்சரித்த அன்று, வீட்டுக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "சத்தியம் பண்ணு நைனா. இனிமே தெருவுல ஒக்காந்து பாட மாட்டேன்னு சொல்லு."

"தெருவுல பாடாம சபாவுலயா பாட கூப்புடறாங்கோ?" என்று அவர் சிரித்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. "சரி கொயலு. பாடல," என்று தலையில் மெதுவாக அடித்தார்.

அடுத்த மாசமே தங்கபுஷ்பம் போய்ச் சேர்ந்தாள். ராசையா தானே வந்து மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். "மாமே, வந்து ரெண்டு அடி பாடு. ஒன் கொரலு கேக்காம அவ எப்டி போவா?" வேலப்பன் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். கதவுக்கும் அவருக்கும் நடுவில் கார்குழலி நின்றாள். நகரவே இல்லை. கீழே கூப்பிட்ட குரல் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது. பெண்ணின் பெயரை இழுத்துவிடக் கூடாது என்று வேலப்பன் காரணத்தை எவரிடமும் சொல்லவில்லை. காரணம் தெரியாத ராசையா, இனிமேல் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு எண்ணூரில் மகன் வீட்டோடு போய்விட்டார்.

சத்தியத்தால் கட்டி கரைந்ததா? அதுவும் இல்லை. குரல் போய்க்கொண்டிருந்த நாளில் ஒரு சிடியைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார் வேலப்பன். புல்புல்தாரா வாசிக்கிற ஜாபர், வண்ணாரப்பேட்டையில் தெரிந்த ஒரு ரெக்கார்டிங் ரூமுக்கு அவரைக் கூட்டிப்போயிருக்கிறார். "நாலு செவுத்துக்குள்ளதான் பாடுனேன். தெருவுல இல்ல. ஒன் தலைக்கு ஒண்ணும் ஆவாது," என்று கரகரத்த குரலில் கிண்டல் வேறு. "நா போனப்பால ராசையா வருவான். வூட்டுக்கு ஏற மாட்டான், ரோஷக்காரன். தெருவுல வெச்சு போடு."

சிடியை அவள் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்ததில் அது கீறி, பிறகு விரிசலும் விட்டது. நல்லவேளை, அதற்குள் கார்குழலி பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் கழித்துப் போட்ட பெட்டி அது. ஒரு தடவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தியதற்கே ஒரு வாரம் உயிர் இல்லாமல் கிடந்தது. அதை மூன்று மாடி தூக்கி இறக்கினால் மறுபடி எழுந்திருக்குமா என்பதே சந்தேகம். குழாய் ஸ்பீக்கர் கட்டலாம் என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், போலீஸ் ஸ்டேஷனில் கூடாது என்றுவிட்டார்கள். அதனால்தான் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர், அதனால்தான் இந்த ஒயர் வெட்டு.

வெட்டிய ஒயருக்குள் மூன்று கம்பிகள் இருந்தன. சிவப்பு உறை போட்ட ஒன்று, வெள்ளை உறை போட்ட ஒன்று, உறையே இல்லாமல் இரண்டையும் சுற்றிக் கிடந்த செம்புக் கம்பி ஒன்று. கடையில் வாங்கி வந்த நீள ஒயரிலோ இரண்டே கம்பிதான். சிவப்பை ஒன்றோடும் வெள்ளையை மற்றதோடும் முறுக்கிச் சேர்த்தாள். செம்பைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

அவள் யோசனையைக் குறை சொல்லக் கூடாது. அந்த ஹவுசிங் போர்டில் எந்த வீட்டுப் பிளக்கைக் கழற்றினாலும் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ எது வந்தாலும் எலக்ட்ரீஷியன் முதல் காரியமாக மூன்றாவது ஒயரை நறுக்கி மடக்கி டேப் சுற்றுவார். 'எர்த்து சும்மா ஷோவுக்குமா' என்பார். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். கம்ப்யூட்டர் படித்தாலும் கை பழக்கம் போகுமா? செம்புக் கம்பியை மடக்கிக் கறுப்பு டேப்பைச் சுற்றினாள். இரண்டு முனையிலும் அதையே செய்தாள்.

ஜன்னல் வழியாக ஒயரைக் கீழே விட்டாள். ஜாபர் அதை வாங்கி, படத்துக்குப் பக்கத்தில் மேஜையில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களோடு சேர்த்தார்.

"போட்டு பாக்கட்டுமா ஜாபர்ண்ணா?"

"படம் தொறக்காம அவரு கொரலு கேக்கக் கூடாதுடி," என்று தாயம்மா உள்ளேயிருந்து அதட்டினாள். "கொட்டு மட்டும் கேட்டு நிறுத்திடு."

அது அந்த வீட்டுக்காரர்கள் வழக்கம். துணியால் மூடிய படத்துக்கு முன்னால் செத்தவரின் குரலையோ பெயரையோ எடுப்பதில்லை. அதனால் தொடக்கத்தில் வருகிற டோலக்கையும் புல்புல்தாராவையும் மட்டும் போட்டாள். கீழே கணீரென்று கேட்டது. கூடவே 'ங்ங்' என்று ஓர் இரைச்சல்.

"வர்து கண்ணு!" என்று ஜாபர் கையை உயர்த்தினார். "லேசா ரீங்காரம் கீது. பரவால்ல."

அவ்வளவுதான் சோதனை. பாட்டு முழுவதையும் கேட்க அவளுக்கும் தெம்பு இல்லை. அவர் இருந்தபோதும் கேட்கவில்லை, போன பிறகும் கேட்கவில்லை. ஏற்றும்போது ஸ்கிரீனில் ஓடிய அலைக்கோட்டை மட்டும் பார்த்தாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடம் தட்டையாகக் கிடந்தது. சிடி கீறலில் பாட்டு அங்கே கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெட்டிவிடலாமா என்றுகூடப் பார்த்தாள், மனசு வரவில்லை.

சாயங்காலம் தெரு நிறைந்தது. ஹார்பர் ஆட்கள், பிளாக் பெண்கள், பாட்டுக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். நீலக் கொடி கட்டிய கம்பத்துக்குக் கீழே புத்தர் படமும், அதற்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய வேலப்பன் படமும் இருந்தன. கார்குழலி ஜன்னலிலிருந்து ஒவ்வொரு தலையாகத் தேடினாள். கடைசியில், எண்ணூர் பஸ் வரும் பக்கத்திலிருந்து ராசையா வந்தார். இளைத்திருந்தார். டோலக்கு இல்லாமல் வெறும் தோளோடு அவரைப் பார்ப்பது என்னவோபோல் இருந்தது. படத்துக்குப் பக்கத்தில் போகாமல் கடைசி வரிசை நாற்காலி ஒன்றின் நுனியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

பஞ்சசீலம் சொன்னார்கள். மெழுகுவத்தி ஏற்றினார்கள். துணியை விலக்கினார்கள். படத்தில் வேலப்பன் வாய் நிறையச் சிரித்தார். தாயம்மா மேலே நிமிர்ந்து தலையை ஆட்ட, கார்குழலி பாட்டைத் தட்டினாள்.

டோலக்கு எழுந்தது. புல்புல்தாரா இழைந்தது. தெருவில் பேச்சு அடங்கியது. பாட்டு எடுக்க வேண்டிய இடம் வந்தது.

குரல் வரவில்லை.

டோலக்கு போய்க்கொண்டிருந்தது, புல்புல்தாரா போய்க்கொண்டிருந்தது, நடுவில் இருக்க வேண்டிய ஆள் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் எங்கோ பின்னால், கிணற்றடியிலிருந்து வருவதுபோல் யாரோ முனகுவது தெரிந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன் வரிசைப் பெண் ஒருத்தி பிள்ளையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

கார்குழலி வால்யூமைக் கூட்டினாள். இரைச்சல்தான் கூடியது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் வெறும் கொட்டு.

கீழே ராசையா எழுந்தார். "அன்னிக்கு எம் பொண்டாட்டி பொணத்துக்கு முன்னாடி வாய தொறக்கல," என்றார். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னார். "இன்னிக்கு தன் படத்துக்கு முன்னாடியும் தொறக்கல. வெறும் கொட்டு கேக்கவா என்ன எண்ணூர்லேர்ந்து வர சொன்னீங்கோ?"

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வழக்கம் கிடையாது. எழுந்தால் எழுந்ததுதான், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். கார்குழலிக்கு அது தெரியும். படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். வழியில் மேலே ஏறி வந்த தாயம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அம்மாவின் முகம் வெளிறியிருந்தது.

"தெருவுல பாட மாட்டேன்னு ஒன் தலையில அடிச்சிச்சே அது... செத்தும் கட்டுப்பட்டுக்கினு கீதுடி. சத்தியத்த எடுத்துடு கொயலி. படத்துக்கு முன்னால போயி எடுத்துக்கினேன்னு சொல்லு."

"சும்மா இரும்மா," என்று கையை உதறிக்கொண்டு இறங்கினாள். உள்ளுக்குள் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாமியானா ஓரத்தில் ராசையாவை மறித்தாள். "பெரிப்பா, போவாத. நைனா அன்னிக்கு பாடாததுக்கு காரணம் நான். தொண்டையில கட்டின்னு டாக்டரு பாடக்கூடாதுன்னாரு. நாந்தான் எந்தலையில அடிச்சு சத்தியம் வாங்கனேன். ஒன்னான்ட சொல்ல வேணாம்னு நைனாதான்..."

ராசையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட வேணாம் கண்ணு," என்றார். "நோவு வந்தவன யாரு பாட சொல்லுவா? கீய வந்து எம்பக்கத்துல ஒக்காந்து இருக்கலாமே. ஒக்காரக்கூட வர்லியே அவன்."

உட்கார்ந்தால் அப்பா பாடிவிடுவார் என்றுதான் அன்று அவள் கதவை அடைத்தாள். ராசையா முன்னால் நின்று மாலை மாலையாகக் கண்ணீர் விட்டாள்.

ஜாபர் ஓடி வந்தார். "ராசய்யண்ணா, அவரு பாடிகீறாரு. நா கூட ஒக்காந்து வாசிச்சேன். சத்தியமா பாடுனாரு. ஒயர்லதான் எதுனா ஃபால்ட்டு."

"அப்டின்னா வரட்டும்," என்றார் ராசையா.

தாயம்மா பின்னாலேயே டீ டம்ளரோடு வந்தாள். "ஒரு வாய் டீயாச்சும் குட்சிட்டு போண்ணா. எங்கையால குடிக்க மாட்டேன்னு சொல்லல இல்ல?"

அவர் வாங்கிக்கொண்டார். நின்றபடியே பிடித்துக்கொண்டிருந்தார். இந்த டம்ளர் காலியாகிற வரைதான் நேரம் என்று கார்குழலிக்குப் புரிந்தது.

மேலே ஓடினாள். முதலில் பாட்டு இருக்கிறதா? சென்டரிலிருந்து கொண்டுவந்த பழைய ஹெட்போனைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகிக் காதில் வைத்தாள்.

"தங்கமுன்னு பேரு வெச்ச
தாயி எங்க போனா..."

காதுக்குள் அப்பா. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கார்குழலி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்து ஒரு கணம் விம்மினாள். ஐயோ, மனுஷன் உள்ளேயே இருக்கிறாரே! வீட்டுக்குள் பாடுகிறார், தெருவுக்கு வரமாட்டேன் என்கிறார்.

"நைனா," என்று மெதுவாகச் சொன்னாள், சொல்லும்போதே வெட்கமாகவும் இருந்தது. "அந்த சத்தியம் வேணாம். நா எடுத்துக்கினேன். வந்து பாடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒயரில் கை வைத்தாள். முறுக்கைப் பிரித்து மறுபடி இறுக்கினாள். "இன்னா வர்து ஜாபர்ண்ணா?" என்று ஜன்னலில் கத்தினாள்.

"கொட்டுதாமா!"

சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிப் போட்டாள். "இப்ப?"

"அதே கொட்டுதான்!"

எது கெட்டது என்றாவது தெரியட்டும் என்று வெள்ளையைக் கழற்றிச் சிவப்பை மட்டும் விட்டாள். ஒரு பக்க ஸ்பீக்கராவது பாட வேண்டும் அல்லவா?

"ரெண்டும் அவுட்டு கண்ணு! ங்ங்னு இரைச்சல்தான்!"

சிவப்பைக் கழற்றி வெள்ளையை மட்டும் விட்டாள். அப்போதும் இரண்டும் செத்தன.

கையில் ஒயரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றைப் பிடுங்கினால் இரண்டும் ஏன் சாக வேண்டும்? இரண்டும் ஒன்றை ஒன்று நம்பி இருந்தால்தான் அப்படி ஆகும். சிவப்பு வழியாகப் போன ஒரு பக்கத்துச் சத்தம் திரும்பி வர வேறு வழி இல்லாமல் வெள்ளை வழியாக வருகிறது. வெள்ளையில் போனது சிவப்பில் வருகிறது. டோலக்கு ஒரு பக்கத்தில் மட்டும், புல்புல்தாரா மறு பக்கத்தில் மட்டும், அதனால் இரண்டும் தப்பித்துக்கொண்டன. குரல்? ரெக்கார்டிங்கில் பாடுகிறவரை எப்போதும் நடுவில்தான் வைப்பார்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரே அளவு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் எதிரெதிரே வந்து முட்டினால் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. திரும்பி வருவதற்கென்று தனியாக இருந்த வழியை அவள்தான் மடக்கி டேப் சுற்றி வைத்திருந்தாள்.

"அடிப்பாவி," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "எர்த்துன்னு நெனச்சியேடி."

அன்று கதவை மறித்து நின்றாள், இன்று கம்பியை. அவளுக்கே தன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சரி, மூன்றாவது கம்பிக்கு எங்கே போவது? கடைக்கு ஓடி வாங்கி வருவதற்குள் டீ முடிந்துவிடும். சுற்றிப் பார்த்தாள். மூலையில் டிவி துணி போர்த்திக் கிடந்தது. சாவு விழுந்த அன்று மூடியது. அதன் முதுகிலிருந்து கேபிள் ஒயர் ஜன்னல் வழியாக இறங்கி, கீழே சாமியானாவை ஒட்டிப் படிக்கட்டுப் பக்கம் இருந்த டப்பா வரை போயிற்று.

"ஜாபர்ண்ணா! நம்ம வூட்டு கேபிள கீய டப்பாவுலேர்ந்து பிடுங்குங்க!"

"ஐயோ, கேபிள்காரன் சண்டைக்கு வருவான்மா!"

"வரட்டும்! பிடுங்கி, நடுவுல கீற கம்பிய சீவி வெளிய எடுங்க. ஸ்பீக்கர்கிட்ட நா டேப் சுத்தி மடக்கி வெச்ச செம்பு கம்பி கீது பாருங்க, அதோட முறுக்குங்க!"

இந்த முனையில் அவள் டிவியிலிருந்து கேபிளை உருவி, உறையைப் பல்லால் கடித்துச் சீவினாள். உதட்டில் கீறிக்கொண்டதுகூடத் தெரியவில்லை. கறுப்பு டேப்பைப் பிரித்துச் செம்புக் கம்பியை விடுவித்துக் கேபிளோடு முறுக்கினாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ராசையா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஆச்சா ஜாபர்ண்ணா?"

"ஆச்சு, போடு!"

தட்டினாள்.

இரைச்சல் பட்டென்று அடங்கியது. டோலக்கு முன்னைவிடக் கனமாக விழுந்தது. புல்புல்தாரா வந்தது. அதன்மேல், தெரு நடுவிலிருந்து, வேலப்பன் எழுந்தார்.

"தங்கமுன்னு பேரு வெச்ச
தாயி எங்க போனா
எங்களுக்கு சோறு போட்ட
கையி எங்க போச்சு..."

கம்ப்யூட்டர் அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு குரலும் தெருவிலிருந்து ஜன்னல் வழியாக மேலே வந்தது. சின்ன வயதில் பாயில் படுத்துக்கொண்டு, தூரத்துச் சாவு வீட்டிலிருந்து அப்பா பாடுவதை இப்படித்தான் கேட்டிருக்கிறாள். எந்தக் குரலை நிறுத்தினாளோ அந்தக் குரல் தெருவில் நின்று பாடியது. கார்குழலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே ராசையா திரும்பியிருந்தார். பாட்டு குழாயடிக்கு வந்தது, வெந்நீர் அண்டாவுக்கு வந்தது, நெத்திலிக் குழம்புக்கு வந்தது. செத்துப்போன பெண்டாட்டியின் அடுப்பங்கரையைத் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, ராசையா மெல்ல நடந்து வந்து படத்துக்கு நேராக நின்றார். செருப்பு இப்போது காலில் இல்லை.

பாட்டு முடிகிற கட்டம். வேலப்பன் கடைசி அடியை இழுத்து நிறுத்தி, டோலக்கைத் தனியாக அடிக்கச் சொல்லி எத்தனையோ சாவு வீட்டில் கொடுத்த அதே குரலைக் கொடுத்தார்.

"ராசையா, வுடு மாமே!"

டோலக்கு நின்றது. புல்புல்தாரா நின்றது. ஒன்றும் இல்லை. அலைக்கோட்டில் தட்டையாகக் கிடந்ததைக் கார்குழலி நினைத்துக்கொண்டாள். கெட்டுப்போன அந்த இடம்! ராசையாவின் இரண்டு கைகளும் தாமாகவே இடுப்புக்கு எழுந்து, டோலக்கு இல்லாத காற்றில் நின்றன. அடிக்க ஒன்றும் இல்லாமல் அப்படியே தாழ்ந்தன. பிறகு மறுபடி வாத்தியங்கள் வந்து, பாட்டு முடிந்தது.

ராசையா ஜாபர் பக்கம் திரும்பினார். "டோலக்கு யாரு வாசிச்சது?"

"அந்த ரூமுல வாசிக்கற பையன்ண்ணா."

"அவன் ஏன் அங்க வுட்டுட்டான்? அவ்ளோ தெரியாதவனா?"

"அடிக்கத்தான் பாத்தான். வேலப்பண்ணந்தான் கைய புடிச்சிக்கினாரு," என்றார் ஜாபர். "அந்த எடத்துக்கு ஆளு கீது, நீ வுடுன்னாரு."

ராசையா முகத்தைத் தோள் துண்டால் அழுந்தத் துடைத்தார். தாயம்மாவிடம் ஏதோ சொன்னார். அவள் ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் குடம் ஒன்றைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொண்டுவந்தாள். படத்துக்கு எதிரில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, குடத்தைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ராசையா மேலே பார்த்தார்.

"கொயலு, இன்னோரு தபா போடு."

போட்டாள். வேலப்பன் மறுபடி தெருவுக்கு வந்தார், மறுபடி தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டார், மறுபடி கடைசி அடியை இழுத்து நிறுத்தினார். "ராசையா, வுடு மாமே!" என்ற குரல் ஓயும் முன்பே குடத்தின் மேல் இரண்டு கைகளும் விழுந்தன.

பாட்டு முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே அடித்தார். மறுபடி போடச் சொல்லி எவரும் கூப்பிடவில்லை. கார்குழலி தானாகவே போட்டாள்.